ஜெயித்தும் கிடைக்காத பதவி: அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் இந்தியர்... யார் இந்த தலீப் சிங் சௌந்த்?

1950 நவம்பர். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் வெஸ்ட்மோர்லேண்ட் என்று ஒரு குட்டி ஊர். சின்னச் சின்ன வழக்குகளை விசாரிக்கும் உள்ளூர் நீதிபதி பதவிக்கு அங்கே தேர்தல் நடந்தது. ஆமாம், அந்தப் பதவிக்கும் அங்கே ஓட்டுப் போட்டுத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஜெயித்தவர் ஒரு பஞ்சாபி விவசாயி.

ஆனால் பதவி கிடைக்கவில்லை. தேர்தல் நடக்கும்போது குடியுரிமை வாங்கி ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு ஆகியிருந்தது 11 மாசம்.

இதில் வேதனை என்னவென்றால், அவர் அமெரிக்காவுக்கு வந்தது 1920-ல். கையில் கணிதத்தில் பிஎச்.டி. பட்டம். வேலைக்கும் வரிக்கும் அவர் வேண்டும், ஓட்டுக்கு மட்டும் வேண்டாம் என்று அந்த நாடு கிட்டத்தட்ட 30 வருஷம் அவரை வெளியே நிறுத்தி வைத்திருந்தது. கடைசியில் கதவு திறந்தபோது ஒரு மாசம் குறைகிறது என்று மறுபடி நிறுத்தியது.

அதே மனிதர் ஆறு வருஷம் கழித்து அமெரிக்க காங்கிரஸுக்குத் தேர்வானார். (காங்கிரஸ் என்றதும் நம்ம ஊர் கட்சி ஞாபகம் வரவேண்டாம், அங்கே நாடாளுமன்றத்துக்கே அதுதான் பெயர்.) ஆசியாவில் பிறந்த ஒருவர் அந்த அவைக்கு உறுப்பினராகத் தேர்வானது அதுவே முதல் முறை. வினாடி வினா புத்தகங்களில் இந்த ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கு முன்னால் நடந்ததுதான் உண்மையான கதை.

மாம்பழம் பதப்படுத்தக் கிளம்பியவர்

தலீப் சிங் சௌந்த் பிறந்தது 1899 செப்டம்பர் 20. ஊர், பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்தில் உள்ள சஜல்வாடி. பெற்றோருக்குப் படிப்பறிவு கிடையாது, ஆனால் பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் உறுதியாக இருந்தார்கள். 1919-ல் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் பி.ஏ. முடித்தார். அதே வருஷம் ஏப்ரலில்தான் பக்கத்திலேயே ஜாலியன்வாலாபாக் படுகொலை. காந்தியின் பக்கம் சாய்ந்திருந்த இளைஞர், கூடவே ஆபிரகாம் லிங்கனின் பேச்சுகளையும் தேடித்தேடிப் படித்தவர்.

அமெரிக்கா போக வீட்டில் சொன்ன காரணம், உணவு பதப்படுத்தும் தொழில் படிக்க வேண்டும் என்பது. மாம்பழத்தை டப்பாவில் அடைத்து விற்கிற தொழிலைக் கற்றுக்கொண்டு இரண்டு மூன்று வருஷத்தில் திரும்பிவிடுவதாக வாக்குக் கொடுத்துத்தான் கப்பல் ஏறினார். அந்த வாக்கை அவரால் காப்பாற்ற முடியவில்லை.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தங்கியது, ஸ்டாக்டன் ஊர் சீக்கியக் கோயில் இந்திய மாணவர்களுக்காக நடத்திய வீட்டில். மாணவர்களே முறை போட்டுச் சமைப்பார்கள். லீவு விட்டால் பழம், காய்கறி டப்பாவில் அடைக்கும் ஃபேக்டரிகளில் கூலி வேலை. இடையில் மனசு பழைய காதலான கணிதத்துக்கே திரும்பியது. 1922-ல் எம்.ஏ., 1924-ல் பிஎச்.டி.

பட்டம் வாங்கிய கையோடு கல்லூரி வேலைக்குப் போயிருக்க வேண்டியவர். ஆனால் அதற்கு ஒரு வருஷம் முன்னால் வேறொன்று நடந்துவிட்டது.

ஒரே தீர்ப்பில் பறிபோன குடியுரிமை

அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்தவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே குடியுரிமை. அப்படியானால் இந்தியர்கள் யார்? கோர்ட்டுக்குக் கோர்ட் பதில் மாறியது. சில நீதிபதிகள் கொடுத்தார்கள், சிலர் மறுத்தார்கள்.

பகத் சிங் திண்ட் என்ற சீக்கியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்திலேயே பணியாற்றியவர், உச்ச நீதிமன்றம் வரை போனார். மானுடவியல் கணக்குப்படி வட இந்தியர்களும் காக்கேசியர்தானே என்பது அவர் தரப்பு வாதம். 1923 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. விஞ்ஞானம் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், தெருவில் போகிற சாதாரண மனிதர் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறாரோ அவரே வெள்ளையர், அந்தக் கணக்கில் இந்தியர் வரமாட்டார் என்று கோர்ட் முடித்துவிட்டது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைத் திரும்பப் பறிக்க ஆரம்பித்தார்கள்.

அடி அதோடு நிற்கவில்லை. கலிஃபோர்னியா மாகாண அரசு 1913-லேயே அந்நியர் நிலச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, 1920-ல் அதை இன்னும் இறுக்கியிருந்தது. குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர்கள் விவசாய நிலம் வாங்கக் கூடாது, குத்தகைக்குக்கூட எடுக்கக் கூடாது. எழுதும்போது குறிவைத்தது ஜப்பானியர்களை. திண்ட் தீர்ப்புக்குப் பிறகு பஞ்சாபிகளும் அதே வலையில் மாட்டினார்கள்.

கவனித்தால் ஒன்று புரியும். குடியுரிமை யாருக்கு என்பதைத் தீர்மானித்தது வாஷிங்டன். ஆனால் அது இல்லாதவனின் வயல், கல்யாணம், பிழைப்பு எல்லாவற்றிலும் கை வைத்தது மாகாணம்.

குடியேறியவர்களை எதிர்த்துப் பேசுவது அன்றைய கலிஃபோர்னியாவில் ஓட்டு வாங்கித் தரும் சரக்கு. அந்தப் பக்கம் அரசியல்வாதிகளும் சங்கங்களும் இருந்தார்கள். எதிர்ப்பக்கம் இருந்தவர்களுக்கோ ஓட்டே கிடையாது. ஓட்டில்லாதவன் பேச்சை எந்த எம்.எல்.ஏ. கேட்பார்?

பருத்திக்காட்டில் ஒரு பிஎச்.டி.

1925 கோடையில் சௌந்த், மாகாணத்தின் தென்கோடியில் உள்ள இம்பீரியல் பள்ளத்தாக்குக்குப் போனார். கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிற பாலைவனம் அது. கொலராடோ ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்து பச்சையாக்கி வைத்திருந்தார்கள். கோடையில் வெயில் நம்ம வேலூரையே குளிர்ப் பிரதேசம் ஆக்கிவிடும். பஞ்சாபிகள் ஏற்கெனவே அங்கே விவசாயம் செய்துகொண்டிருந்தார்கள். கணித டாக்டருக்குக் கிடைத்த வேலை, பருத்தி எடுக்கும் கூலியாட்களுக்கு மேஸ்திரி.

பிறகு சொந்தமாகப் பயிர் வைத்தார். சட்டம்தான் தடுக்கிறதே, எப்படி? அங்கே எல்லாரும் செய்த வழிதான். நம்பிக்கையான வெள்ளைக்காரர் பெயரிலோ, அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகள் பெயரிலோ பத்திரம் இருக்கும், உழைப்பு இவர்களுடையதாக இருக்கும். பெயர் கொடுத்தவர் ஒருநாள் மனசு மாறினால் எல்லாம் போச்சு.

கல்யாணமும் இதேபோல் சிக்கலானது. 1917 சட்டத்தால் ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர முடியாது. மாகாணச் சட்டமோ வெள்ளையருக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான கல்யாணத்தைத் தடுத்தது. இந்தியர் அதில் எந்தப் பக்கம் என்பது சட்டத்தில் தெளிவாக இல்லை, லைசென்ஸ் கொடுக்கிற கிளார்க் ஆளைப் பார்த்து முடிவு செய்வார். அதனால்தான் அந்தப் பள்ளத்தாக்கில் ஏராளமான பஞ்சாபிகள் மெக்சிகோப் பெண்களை மணந்துகொண்டு, சப்பாத்தியும் டார்ட்டியாவும் ஒரே அடுப்பில் வேகிற ஒரு புது சமூகமே உருவானது.

சௌந்த் 1928-ல் மணந்தது மரியன் கோசாவை. செக் நாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண், லாஸ் ஏஞ்சலஸில் படித்துக்கொண்டிருந்தவர். அன்றைய சட்டப்படி, குடியுரிமைக்குத் தகுதியில்லாத அந்நியரைக் கட்டிக்கொள்கிற அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையையே இழப்பார். மரியனும் இழந்தார். அந்தச் சட்டம் 1931-ல்தான் தளர்ந்தது. தாலி என்று ஒன்று அங்கே இல்லை, ஆனால் அதற்கு மரியன் கொடுத்த விலை பெரிசு.

விவசாயம் அவரை வாழவும் வைத்தது, கீழேயும் தள்ளியது. கீரை வைத்தார், குதிரை மசால் வைத்தார், விலை விழுந்தது, கடன் ஏறியது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் பக்கத்து வயல்காரர்கள் பலரும் திவால் நோட்டீஸ் கொடுத்து கடனிலிருந்து தப்பித்தார்கள். சௌந்த் மறுத்துவிட்டார். வருஷக்கணக்கில் உழைத்து அடைத்தார். இதை வெறும் நேர்மைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் பின்னாளில் ஓட்டுக் கேட்கப் போனபோது இதுதான் அவருடைய டெபாசிட். கடனைத் திருப்பித் தந்த ஆள் என்று ஊருக்கே தெரியும்.

இதற்கு நடுவில் எழுத்து, மேடைப்பேச்சு. இந்தியாவைக் கேவலமாகச் சித்தரித்த கேத்தரின் மேயோவின் புத்தகத்துக்குப் பதிலாக 1930-ல் ஒரு நூல் எழுதினார். வெளியிட்டது அதே ஸ்டாக்டன் குருத்வாரா அமைப்பு. கூப்பிட்ட சர்ச்சுக்கெல்லாம், கிளப்புக்கெல்லாம் போய் இந்திய விடுதலை பற்றிப் பேசினார். பகலெல்லாம் வயல், சாயங்காலம் குளித்துவிட்டு கோட்டு மாட்டிக்கொண்டு கூட்டம். பள்ளத்தாக்கு வெள்ளைக்கார விவசாயிகளுக்கு அவர் அந்நியர் என்பது போய், டாக்டர் சௌந்த் ஆனது இப்படித்தான்.

காசு கேட்டு வயல் வயலாக

1942-ல் அவரும் நண்பர்களும் இந்தியா அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். தலைவர் சௌந்த். ஒரே கோரிக்கை, இந்தியர்களுக்கும் குடியுரிமை வேண்டும்.

கேட்க எளிது. ஆனால் கலிஃபோர்னியாவில் இருந்த இந்தியர்களில் பெரும்பாலோர் விவசாயிகள், அதிகம் படிக்காதவர்கள், திண்ட் தீர்ப்பில் சூடுபட்டவர்கள். எங்கோ வாஷிங்டனில் நடக்கிற மசோதாவுக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று தயங்குவது இயல்பு. அவர்களைத் தேடிப் போய்ப் பேசி, நம்ப வைத்து, பணம் திரட்ட வேண்டியிருந்தது. அந்த வேலை சௌந்துடையது. கிழக்குக் கரையில் நியூயார்க் வியாபாரி ஜே. ஜே. சிங் எம்.பி.க்களின் அறைக்கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். வரலாற்றுப் புத்தகங்களில் அவருக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம், அது நியாயமும்கூட. ஆனால் மேற்குக் கரையில் ஆளும் பணமும் திரளாமல் அந்தக் கதவுகள் அவ்வளவு சீக்கிரம் திறந்திருக்காது.

காலமும் கைகொடுத்தது. உலகப் போரில் இந்தியச் சிப்பாய்கள் லட்சக்கணக்கில் நேச நாடுகள் பக்கம் நின்றார்கள். சீனர்களுக்கு எதிரான தடையை அமெரிக்கா 1943-ல் நீக்கியிருந்தது. குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூஸ், ஜனநாயகக் கட்சியின் இமானுவேல் செல்லர் என்று எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவர் சேர்ந்து மசோதாவைத் தூக்கிச் சுமந்தார்கள். 1946 ஜூலை 2 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்துப் போட்டார்.

கிடைத்தது என்ன? ஏற்கெனவே அங்கே இருக்கிற இந்தியர்கள் குடியுரிமை வாங்கலாம். புதிதாக இந்தியாவிலிருந்து வருஷத்துக்கு 100 பேர் குடியேறலாம். ஆமாம், மொத்த இந்தியாவுக்கும் நூறே நூறு பேர். இன்று ஒரு விமானத்தில் அதைவிட அதிகம் பேர் போகிறார்கள். அந்த எண் மாற இன்னும் 19 வருஷம் ஆனது. 1965-ல் நாட்டுவாரி ஒதுக்கீட்டையே ஒழித்த சட்டத்திலும் இமானுவேல் செல்லரின் பெயர் இருக்கிறது. நம்ம ஊர் டாக்டர்களும் இன்ஜினீயர்களும் குடும்பத்தோடு அமெரிக்காவில் போய் செட்டில் ஆன பாதை அதற்குப் பிறகுதான் அகலமானது.

சௌந்த் 1949 டிசம்பர் 16 அன்று அமெரிக்கக் குடிமகனானார். அப்போது வயது 50.

தலைப்பாகை கிண்டல்

குடியுரிமை வந்த அடுத்த வருஷமே இம்பீரியல் மாவட்ட ஜனநாயகக் கட்சிக் கமிட்டிக்குத் தேர்வானார். அதே 1950-ல்தான் நாம் ஆரம்பத்தில் பார்த்த தேர்தல், பறிபோன பதவி.

வேறு யாராக இருந்தாலும் மனசு விட்டுப் போயிருக்கும். அவர் 1952-ல் அதே பதவிக்கு மறுபடி நின்றார். ஊர் ஹோட்டலில் ஒருவர் எல்லார் முன்னாலும் கிண்டலடித்தார். நீங்கள் நீதிபதியானால் கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்குத் தலைப்பாகை நீங்களே தருவீர்களா, நாங்களே கொண்டு வரணுமா என்கிற ரகம். சௌந்த் கோபப்படவில்லை. தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பது தனக்கு முக்கியமில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதே முக்கியம் என்கிற மாதிரி திருப்பிக் கொடுத்தார். ஹோட்டலே சிரித்தது, ஊர் பூராவும் அந்தப் பதில் பரவியது.

இந்த முறை ஜெயித்தார், பதவியிலும் உட்கார்ந்தார். எல்லைப்புற ஊர் என்பதால் சூதாட்டமும் விபசாரமும் அங்கே கொடிகட்டிப் பறந்தன. கடுமையான தண்டனைகள் கொடுத்து ஊரைச் சுத்தம் செய்தார். 1954-ல் மாவட்டக் கட்சிக் கமிட்டித் தலைவரும் ஆனார்.

ஒரு பக்கம் விமானம், ஒரு பக்கம் காலிங் பெல்

1956-ல் அந்தப் பகுதி எம்.பி. ஓய்வு பெற்றார். ரிவர்சைடு, இம்பீரியல் என்று இரண்டு மாவட்டங்கள் சேர்ந்த தொகுதி, குடியரசுக் கட்சியின் கோட்டை. சௌந்த் வேட்பாளராக இறங்கினார்.

முதல் இடி சொந்தக் கட்சியிலிருந்தே விழுந்தது. கட்சிக்குள் வேட்பாளர் போட்டியில் எதிர்த்து நின்ற வக்கீல், இவர் குடியுரிமை வாங்கி ஏழு வருஷம் ஆகவில்லை, எம்.பி. ஆக முடியாது என்று கோர்ட்டுக்குப் போனார். 1950-ல் நடந்தது மறுபடி நடந்துவிடுமோ என்று தோன்றும் இடம் இது. ஆனால் கணக்கு வாத்தியார் இந்தமுறை தேதியைச் சரியாகப் போட்டிருந்தார். பதவியேற்பு 1957 ஜனவரியில்தான், அதற்குள் ஏழு வருஷம் முடிந்துவிடும். மாகாண உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

அடுத்த எதிராளி சாதாரண ஆள் இல்லை. ஜாக்குலின் காக்ரன், ஒலியைவிட வேகமாக விமானம் ஓட்டிய முதல் பெண். கணவர் பெரும் கோடீஸ்வரர். அதிபர் ஐசன்ஹோவர் குடும்ப நண்பர். பிரசாரத்துக்கு விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து இறங்குவார், கூட்டம் அள்ளும்.

சௌந்த் வீட்டில் விமானம் இல்லை. மனைவி, மகன், மகள், மருமகள், மருமகன் எல்லாரும் வீடு வீடாகப் போய் காலிங் பெல் அடித்தார்கள். ஓட்டு மட்டும் கேட்கவில்லை, பட்டியலில் பெயர் இல்லாதவர்களை வாக்காளராகப் பதிவு செய்ய வைத்தார்கள். முப்பது வருஷம் ஓட்டில்லாமல் இருந்தவருக்கு ஒரு பெயர் பட்டியலில் ஏறுவதன் மதிப்பு தெரியாதா என்ன!

1956 நவம்பர் 6. நாடு முழுக்க ஐசன்ஹோவர் அலை. அதற்கு நடுவில் மூவாயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் சௌந்த் ஜெயித்தார். அன்று கலிஃபோர்னியா மக்கள் இன்னொன்றுக்கும் ஓட்டுப் போட்டார்கள். அந்நியர் நிலச் சட்டத்தை மாகாணப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிடலாமா என்ற கேள்விக்கு. கோர்ட் 1952-லேயே அதைச் செல்லாததாக்கியிருந்தது, ஆனாலும் ஏட்டில் இருந்தது. மக்கள் எடுத்துவிடச் சொன்னார்கள். நிலம் வாங்கத் தகுதியில்லை என்று சொன்ன சட்டமும், அதில் மாட்டியவரின் எம்.பி. பதவியும் ஒரே நாளில், ஒரே வாக்குச்சாவடியில் முடிவாகின.

பதவிக்குப் பிறகு

முதல் தடவை எம்.பி. ஆனவருக்கு வெளியுறவுக் கமிட்டியில் இடம் கிடைப்பது அபூர்வம், இவருக்குக் கிடைத்தது. 1957 சிவில் உரிமைச் சட்டத்தை ஆதரித்தார். அதே வருஷக் கடைசியில் ஆசியச் சுற்றுப்பயணம் போய், 37 வருஷம் கழித்து சஜல்வாடி மண்ணை மிதித்தார்.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்க முடியாது. மெக்சிகோவிலிருந்து விவசாயக் கூலிகளைத் தற்காலிகமாக அழைத்துவரும் பிராசேரோ திட்டம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. வேலை முடிந்ததும் அவர்கள் திரும்பிப் போய்விட வேண்டும். குறைந்த கூலி, மோசமான தங்குமிடம் என்று அதன்மீது கடுமையான புகார்கள் இருந்தன. இம்பீரியல் பள்ளத்தாக்கு முதலாளிகள் அதை நம்பியே பயிர் வைத்தார்கள். சௌந்தும் அந்த விவசாயிகள் பக்கமே நின்றார். தான் மேஸ்திரியாக நின்ற அதே வயல்களில் வேலை பார்த்த, ஓட்டில்லாத வேறொரு கூட்டம் அது. தொகுதி எம்.பி. என்ற வகையில் அவர் நிலை புரிகிறது. அவர் கடந்து வந்த பாதையைத் தெரிந்துகொண்ட பிறகு உறுத்தவும் செய்கிறது.

1958, 1960 தேர்தல்களிலும் ஜெயித்தார். 1962 மே மாதம், வாஷிங்டனுக்கு விமானத்தில் போய்க்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கியது. சர்ச்சு சர்ச்சாக, கிளப் கிளப்பாகப் பேசியே வளர்ந்த மனிதருக்குப் பேச்சு போனது. ஆஸ்பத்திரியில் இருந்தபடியே கட்சி வேட்பாளராகத் தேர்வானார். நவம்பர் தேர்தலுக்கு அவரால் வர முடியவில்லை. மரியன்தான் ஊர் ஊராகப் போய் அவருக்காக ஓட்டுக் கேட்டார். ஜெயிக்கவில்லை.

1973 ஏப்ரல் 22 அன்று சௌந்த் காலமானார். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு அடுத்த இந்திய வம்சாவளி உறுப்பினராக பாபி ஜிண்டால் தேர்வானது 2004-ல். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால், வாஷிங்டன் மாகாணத்தில் குடியேறியவர்களுக்காக அமைப்பு நடத்தி, அங்கே மாகாண செனட்டராகி, பிறகு 2016-ல் அதே சபைக்குத் தேர்வானார். சௌந்தின் ஓவியம் இப்போது அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் தொங்குகிறது. அவர் தொகுதியாக இருந்த ரிவர்சைடு மாவட்டத்தில், டெமெக்குலா ஊர் போஸ்ட் ஆபீஸுக்கு அவர் பெயர்.